குழாய்வழி வந்தவள்

குளியலறைத் தரையின் சல்லடை ஓட்டையில் கறுத்த தண்ணீர் குமிழி விட்டு மேலே ஏறியபோது, பிரியதர்ஷினி வாளியை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வந்தாள்.

"ஏறுது அத்தை, மறுபடியும் ஏறுது."

"ஏறாம என்னா பண்ணும்? போட்டது வழிய அடைச்சிக்கிட்டு நின்னா, போறது திரும்பித்தான் வரும்" என்றாள் கோவிந்தம்மாள்.

போட்டது இன்னதென்று மாமியார் பச்சையாகச் சொன்னதில்லை. சொல்லாமலே வீடு முழுக்கத் தெரிந்திருந்தது. தை மாதம் மருமகள் வந்தாள், மாசியில் கக்கூஸ் அடைத்துக்கொண்டது. இருபது வருடமாக ஒழுங்காகப் போன தண்ணீர் இவள் வந்த பிறகு ஏன் திரும்ப வேண்டும்? மாதத்தில் மூன்று நாள் வைக்கிற துணியை உள்ளே போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டாள் என்பது கோவிந்தம்மாள் கண்டுபிடித்த பதில். லாரி வந்து தொட்டியை உறிஞ்சிக் காலி செய்த பிறகும் அடைப்பு போகவில்லை என்றதும், அந்தப் பதில் அவளுக்குச் சத்தியமாகிவிட்டது.

பிரியா அப்படிப் போட்டதில்லை. செய்தித்தாளில் சுற்றி, யார் கண்ணிலும் படாமல் கொல்லைக் கோடியில் எரித்துவிடுவாள். ஆனால் திரும்பத் திரும்பக் கேட்டதில், ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் தானே போட்டிருப்பேனோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஓசூர்க் கம்பெனியில் இருந்த கணவன் ரஞ்சித்குமாரிடம் போனில் சொன்னால், "அம்மா ஏதோ சொல்றாங்க, விடு" என்று வைத்துவிட்டான்.

இன்று அதற்கும் மேலே போயிருந்தது.

"உங்கப்பாவுக்குப் போன் போட்டுட்டேன். காரிமங்கலத்துல பஸ் ஏறிட்டாராம். சேம்பரத் தொறந்து எடுக்கறப்ப அவரும் நிக்கட்டும். பொண்ணு வளத்த லட்சணத்த அவரே பாக்கட்டும்."

பிரியாவின் அப்பா சம்பந்தி வீட்டில் நாற்காலி நுனியில்தான் உட்காருவார். குடிக்கத் தண்ணீர் கேட்கவே இரண்டு தடவை யோசிப்பார். அந்த மனிதரைக் கூப்பிட்டு, குழிக்குப் பக்கத்தில் நிறுத்தி, மகளின் துணியைக் குச்சியில் தூக்கிக் காட்டப் போகிறார்கள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வார். அதை நினைத்தபோதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அடைப்பு எடுக்கிற இன்னாசி டிவிஎஸ்ஸில் ஸ்பிரிங் மிஷினைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினான். முழங்கை வரை கையுறை. மதில் ஓரத்துச் சேம்பர்க் குழியின் மூடியைக் கடப்பாரையால் நெம்பியதும் நாற்றம் தெருவையே எட்டியது.

பக்கத்து வீட்டு ராமக்காள் மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள். "என்னா கோவிந்தம்மா, காலங்காத்தால மணக்குது? விருந்தா?"

"வா, உனக்கும் ஒரு எல போடறேன்."

மாமனார் கருப்பண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். இன்னாசி ஸ்பிரிங்கைக் குழாய்க்குள் விட்டு மிஷினை ஓட்டினான். உள்ளே போனது, சுற்றியது, எங்கோ கவ்விக்கொண்டு உறுமியது. நிறுத்திவிட்டு மெல்லப் பின்னுக்கு இழுத்தான். குழாய் வாயில் கறுப்பாக, சொதசொதவென்று ஒன்று எட்டிப் பார்த்தது.

"பாத்தியா! துணி! நான் சொல்லல?" கோவிந்தம்மாளின் குரல் தெருமுனை வரை போயிருக்கும்.

பிரியா கண்ணை மூடிக்கொண்டாள்.

"இரு யக்கா, இரு. துணி மாதிரி தெரியல" என்றான் இன்னாசி. "முடி கணக்கா இருக்குது."

"அப்ப தலமுடி! வாரி வாரிப் போடறா இல்ல, அதான்."

"யக்கா, இத்தாம் பெரிய சடையா உம் மருமவளுக்கு? அண்ணே, வந்து ஒரு கை புடிங்க."

கருப்பண்ணன் முகத்தைச் சுளித்துக்கொண்டு பிடித்தார். இருவரும் இழுத்தார்கள். அது வந்தது. ஒரு முழம் வந்தது, ஒரு ஆள் உயரம் வந்தது, இன்னும் வந்தது. இழுக்க இழுக்க முடிவே இல்லை. கருப்பண்ணன் பின்பக்கமாகவே நடந்து கொல்லை முழுக்கக் கடந்து துளசி மாடம் வரை போய்விட்டார், அப்போதும் குழாய் அதைக் கொடுத்துக்கொண்டே இருந்தது. ராமக்காள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். கடைசியில் உள்ளே எங்கோ பட்டென்று அறுந்தது. இன்னாசி பின்பக்கமாக விழுந்தான். குழாய் பெரிய மூச்சு விட்டது. அதன்பிறகு, மூன்று மாதமாகப் போகாத தண்ணீரெல்லாம் கடகடவென்று தொட்டியை நோக்கி ஓடியது.

யாருக்கும் அந்தச் சத்தத்தில் கவனமில்லை. கொல்லையின் நீளத்துக்குக் கிடந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னாசி ஓஸ் பைப்பைப் பிடித்து அதன்மேல் தண்ணீர் அடித்தான். கறுப்பு கழன்று போகப் போக, உள்ளிருந்து செம்பட்டை நிறத்தில், மயிரிழை மயிரிழையாய், ஆயிரம் ஆயிரமாய்ப் பின்னிக்கொண்டு, குழாயின் உருவத்தையே அச்சாக எடுத்துக்கொண்டு வந்தது ஒரு வேர். நுனிகள் வெள்ளை வெளேரென்று, இன்று காலைதான் விட்டதுபோல் இருந்தன.

கோவிந்தம்மாள் குனிந்து, அறுபட்ட பக்கத்தில் ஒரு இணுக்குக் கிள்ளி மூக்கருகே வைத்தாள். பிறகு நாக்கு நுனியிலும் வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் எங்கிருந்து வந்தது என்பது நினைவு வந்து துப்பினாள். துப்பிய வாயோடு நிமிர்ந்து மதிலுக்கு அப்பால் பார்த்தாள்.

"வேம்பு" என்றாள்.

எல்லோரும் பார்த்தார்கள். தெருவுக்கு அந்தப் பக்கம், மாரியம்மன் கோயில் வேம்பு. மழை பொய்த்து இரண்டாவது வருடம். காட்டு மரமெல்லாம் காய்ந்து விறகாகி, போர்வெல் குழாயில் புழுதிதான் வந்தது. இது மட்டும் பூவும் தழையுமாக, பச்சை இருண்டுபோய் நின்றது. ஆத்தா சக்தி என்று ஊரே சொன்னது. செவ்வாய்க்குச் செவ்வாய் கோவிந்தம்மாள் போய் அதன் அடியில் ஒரு குடம் ஊற்றிவிட்டு வருவாள்.

"உன் ஒரு கொடம் எப்பிடிப் போதும்?" என்றார் கருப்பண்ணன், யாரிடமோ பேசுவதுபோல. "ரோட்டுக்கு அடியில பூந்து நம்ம வூட்டையே தேடி வந்திருக்குது பாரு."

பிரியா மரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அவள் அழுத நாட்கள் இருந்தன. முகம் கழுவிய அந்தத் தண்ணீரும் இந்த வழியாகத்தான் போயிருக்கும். அது இப்போது எந்தக் கிளையில், எந்தப் பூவில் இருக்கிறதோ.

"சரிக்கா, இத எங்க போடட்டும்?" இன்னாசி கையுறையை உதறினான். "குப்ப மேட்டுலயா?"

"குப்பையிலயா!"

கோவிந்தம்மாள் உள்ளே போனாள். குண்டா நிறைய மஞ்சள் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்து வேரின் நீளத்துக்கும் தெளித்தாள். தெளித்து முடித்து, காலிக் குண்டாவோடு வேரைப் பார்த்தாள். எங்கே கிடந்து வந்தது இது, எதையெல்லாம் குடித்துவிட்டு வந்தது என்று அவள் மனம் எண்ணிக்கொண்டிருப்பது முகத்தில் தெரிந்தது.

"மரத்தடியிலயே கொண்டு போயி வெச்சிரலாம். ஏ பிரியா, அந்தத் தலப்பக்கம் புடி."

பிரியா தயங்கினாள். பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். "அத்தை... நான் இன்னிக்கு ரெண்டாவது நாளுங்க."

"எனக்குத் தெரியாதா?" கோவிந்தம்மாள் அவளைப் பார்க்காமல் வேரைப் பார்த்தபடியே சொன்னாள். "இது எதுல முங்கிக்கிட்டு வந்துச்சுன்னு நீயும் பாத்த இல்ல. அதுக்கே தீட்டு இல்ல. புடி, வழுக்கும்."

பிரியா புடவையைச் செருகிக்கொண்டு குனிந்து பிடித்தாள். அது கனத்தது. மஞ்சளும் ஈரமும் சொட்டச் சொட்ட, ஒரு முனையை மாமியாரும் மறுமுனையை மருமகளுமாகத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். நடுப்பாகம் தொய்ந்து மண்ணில் கோடு இழுத்துக்கொண்டு வந்தது. ராமக்காள் ஓடிவந்து அதை ஏந்திக்கொண்டாள். வேம்பிலிருந்து பூ உதிர்ந்துகொண்டிருந்தது.

பஸ் நின்று போன புழுதி அடங்கிய தெருமுனையில், வெள்ளைச் சட்டையும் கையில் ஒரு பையுமாக அவள் அப்பா நின்றுகொண்டிருந்தார். மூன்று பெண்கள் மஞ்சள் சொட்ட எதையோ கோயிலை நோக்கிச் சுமந்து வருவதைப் பார்த்தார். முன்னால் வருவது தன் மகள் என்று தெரிந்தது. என்ன சுமக்கிறாள் என்று தெரியவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, அவர் செருப்பைக் கழற்றினார்.