ஏழாம் நம்பர் வளையம்

உருக்காலையில் முப்பத்தோரு வருஷம் சோறு தின்ற ஃபிட்டர், அந்த ஆலையையே மூடச் சொல்லி மனுவில் கையெழுத்துப் போட்டார். வேறென்ன செய்வார்? மகள் வயிற்றுப் பேத்திக்கு மூச்சுத் திணறல். ஐந்து வயசுப் பிள்ளை மாடி ஏறினால் நெஞ்சு விசிலடிக்கும். கூட வேலை பார்த்தவர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. போங்கடா என்று இருந்துவிட்டார்.

ஆலையை மூடினார்கள். மூடினார்கள் என்று ஊர்தான் நினைத்துக்கொண்டது, உண்மையில் விற்றார்கள். கடலுக்கு அப்பால், கேள்வி கேட்க நாதியில்லாத ஒரு நாட்டுக்கு, ஆணி உட்பட எல்லாவற்றையும். புகைபோக்கியைக் கழற்றும் வேலை ஃபிட்டர் தலையிலேயே விழுந்தது. இரும்பு வளையங்களாகப் பிரித்து, அங்கே வரிசை மாற்றி மாட்டிவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றிலும் மஞ்சள் பெயிண்டால் ஆள் உயரத்துக்கு நம்பர் எழுதினார். ஏழு எழுதும்போது குறுக்கே ஒரு கோடு போடுவார். எவனாவது ஒன்று என்று வாசித்துத் தொலைத்தால்?

ஆறே மாதத்தில் வானம் நீலமானது. பேத்தி மாடிப்படியில் ஓடினாள். ஆலை நின்ற இடத்தில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பின; நகரத்துக்குச் சுத்தக் காற்று விருது கிடைத்தது. வளர்ச்சியும் வந்தது, புகையும் போனது, இரண்டும் ஒன்றாக நடக்காது என்றவர்கள் எங்கே என்று மேயர் மேடையில் முழங்கினார். இரும்பு என்னவோ கப்பல் கப்பலாக வந்து இறங்கிக்கொண்டுதான் இருந்தது. அதை யார் பேசுவது? ஃபிட்டரும் கைதட்டினார், பாவி மனுஷன்.

மாப்பிள்ளை அந்த ஆலையின் உலையில் ஆப்பரேட்டர். எட்டு மாதம் சும்மா உட்கார்ந்திருந்தார். அந்த உலையின் குணம் தெரிந்த ஆள் வேண்டும் என்று வாங்கியவர்கள் கூப்பிட்டார்கள். இரட்டைச் சம்பளம், ஆலையை ஒட்டியே குடியிருப்பு. பேத்தியை மட்டுமாவது தன்னிடம் விட்டுப் போகும்படி ஃபிட்டர் மகளிடம் கெஞ்சிப் பார்த்தார்.

"பிள்ளைய விட்டுட்டு நான் எப்படிப்பா இருப்பேன்?" என்றாள் அவள். மூட்டை முடிச்சோடு மூவரும் போனார்கள்.

நேற்று வீடியோவில் கூப்பிட்டார்கள். பேத்தி முகத்தில் நெபுலைசர் மாஸ்க். அதை விலக்கிக்கொண்டு, போனை ஜன்னல் பக்கம் திருப்பினாள். பழுப்பு வானத்தில் புகைபோக்கி புகை கக்கிக்கொண்டு நின்றது. ஒரு வளையம்கூட வரிசை தப்பவில்லை.

"தாத்தா, அங்க பாருங்க, கோடு போட்ட ஏழு. நீங்க எழுதினதுதானே?"

"இல்லம்மா," என்றார். "அது வேற யாரோ."

பேத்தி சிரிக்கப் பார்த்தாள், இருமல்தான் வந்தது. ஏழு எழுத அவள் கையைப் பிடித்துப் பழக்கியவரே அவர்தான்.