பழைய அளவு

வாய்க்கரிசி போட நீண்ட சங்கையாவின் கையைச் சுடலையம்மாள் எட்டிப் பிடித்தாள். அரிசிக்கு நடுவே கறுப்பாய் ஓர் அபின் உருண்டை.

“விடுட்டி. தம்பி ஆசைப்பட்டுத் தின்னது. நாக்குல படாம அனுப்பக் கூடாது” என்றார் சங்கையா, அவள் புருஷனின் அண்ணன்.

சோழபுரத்தில் அது வழக்கம்தான். புகையிலை போட்டவனுக்குப் புகையிலை, கள் குடித்தவனுக்குக் கள். ஆனால் அவள் புருஷன் கருத்தப்பாண்டி அபினை விட்டுத் தொலைத்தவன் ஆயிற்றே! ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்து, வெடவெடத்து, வாந்தியெடுத்து, பெண்டாட்டியைக் கண்டமேனிக்கு ஏசி, கடைசியில் மனுஷனாய்த் திரும்பியவன். வந்த அன்று குழம்பைத் தொட்டு நக்கிவிட்டு, “ஏட்டி, காரம் தெரியுதுட்டி” என்று சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தான்.

அதற்கப்புறம்தான் அழுகை வந்தது. அம்மை போட்டுச் செத்த மகளுக்காக. பிள்ளையைத் தூக்கிப் போன அன்று அபின் மயக்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மனிதன், வருஷம் கழித்து அவள் பேரைச் சொல்லி ஏங்கி ஏங்கி அழுதான். அழுதால் தடுக்காதே, மரத்துப்போன மனசு முழிக்கிறது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். சுடலையம்மாளுக்கு வயிறு குளிர்ந்தது. அவளும் கூட உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள்.

ஊருக்குப் பொறுக்குமா? ஆம்பளை அழுவதாவது! நேற்று அவள் களையெடுக்கப் போன நேரம் பார்த்து, ராஜபாளையத்தில் வாங்கி வந்த அபினைச் சங்கையா வெந்நீரில் கரைத்துத் தம்பிக்குக் கொடுத்துவிட்டார். படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை.

“பழைய அளவுதான் கொடுத்தேன் தாயி. ஒரு பொட்டு அதிகமில்ல. அவன் அழுகையப் பாத்துக்கிட்டு இருக்க முடியல” என்றார் சங்கையா.

“அந்தப் பழைய அளவுதான் அவரைக் கொன்னு போட்டுச்சு, அத்தான்! விட்ட உடம்பு அதைத் தாங்காதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சு சொன்னாரே. உங்ககிட்டயும் வந்து சொன்னேனே, காதுல வாங்குனீகளா?”

“விட்டதாலதான் செத்தான்” என்றது கூட்டத்தில் ஒரு குரல். ஆமாம் ஆமாம் என்று தலைகள் ஆடின. பாவிகள்!

அவள் உருண்டையைப் பிடுங்கி வீசினாள். அது அவளுடைய தம்பி தவசிமுத்துவின் காலடியில் போய் விழுந்தது. அவனும் அபின்காரன்தான். திங்கட்கிழமை அவனை அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதாகக் கருத்தப்பாண்டி வாக்குக் கொடுத்து, வண்டி கூடப் பேசி வைத்திருந்தான்.

“ஏலே, திங்கக்கெழம நான் கூட்டிட்டுப் போறேன். வருவேல்ல?”

தவசிமுத்து செத்துக் கிடந்த கருத்தப்பாண்டியின் முகத்தைப் பார்த்தான். “வாரேன்க்கா” என்றான்.

பாடை தூக்கும் சமயம் தவசிமுத்து வேட்டியை மடித்துக் கட்டக் குனிந்தான். நிமிர்ந்து தோள் கொடுத்தான். சுடலையம்மாள் உருண்டை விழுந்த இடத்தைப் பார்த்தாள். அங்கே வெறும் தரைதான். பிறகு அவனைப் பார்த்தாள். ஒரு கை பாடைக் கம்பைப் பிடித்திருந்தது. மற்றக் கை தெருமுனை திரும்பும்வரை மூடியே இருந்தது.