காந்தன் சொன்ன பூச்சி

சமைக்க வந்தவளுக்கு வெளியே நடப்பது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. என்னிடம் அந்தப் பேச்சு ஆகாது. வெங்காயம் வதங்கும்போதும் என் ஒரு கண் ஜன்னலில்தான் இருக்கும். உம்பாயில் மீன் சுடும் கடையில் பல வருஷம் கடலுக்கு முதுகைக் காட்டி வேலை செய்தவள் நான். பின்னால் அலைச் சத்தம் மட்டும் கேட்கும். ஆகவே 'சாமார்' கப்பலுக்குச் சமையல் ஆள் வேண்டும் என்று சொன்னதும், சம்பளம் என்ன என்று கேட்பதற்குள் வாய் சரி என்று சொல்லிவிட்டது.

கப்பல் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஆறே அறைகள், பன்னிரண்டு விருந்தினர். மலாக்காவில் ஏற்றிக்கொண்டு, உம்பாயைத் தாண்டி, ஆள் இல்லாத தீவுகளின் கரையை ஒட்டியே சில நாள் மெதுவாகப் போகும். கரையில் எது ஊர்கிறது, எது பறக்கிறது, எது நீந்துகிறது என்று பார்ப்பதுதான் மொத்தப் பயணமும். அந்தத் தீவின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த வாரமே பொட்டலம் கட்டிக்கொண்டு கும்பல் போய் இறங்கிவிடும்.

விருந்தினருக்கு வழிகாட்ட வந்தவள் திவ்யதர்ஷினி. மலாக்கா ஊருக்குள்ளேயே தெங்கேராப் பெண். அப்பா வக்கீல் ஆபீஸில் வேலை. இன்சூரன்ஸ் கம்பெனி கவுண்டரில் குளுகுளுவென்று உட்கார்ந்திருந்தவள், பறவை பார்க்கிறேன், ஆமை பார்க்கிறேன் என்று அதை உதறிவிட்டு வந்திருந்தாள். அம்மா அவளோடு சரியாகப் பேசுவதில்லை. இந்தப் பயணம் அவளுக்குப் பரீட்சை. இதில் தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் திங்கட்கிழமை பழைய கவுண்டர். அங்கே அவளுடைய நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம், மேனேஜர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார்.

தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் கப்பலிலேயே இருந்தார். கோலாலம்பூர் தலைமை ஆபீஸிலிருந்து வந்த மிஸ் சூ. ஐம்பது வயது இருக்கும். வெட்டிய முடி, மடிப்புக் கலையாத கால்சட்டை, ஆங்கிலத்தைத் தவிர வேறு பேச்சில்லை. மாநிறத்தைப் பார்த்துவிட்டு நாங்களாகவே உஜோங் பாசிர் குடியிருப்பின் போர்த்துகீசியக் குடும்பம் என்று முடிவு கட்டியிருந்தோம். சிரிக்காத முகம். என் நண்டுக் குழம்பை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டவர், நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இருந்தது, மறைப்பானேன்.

பாவம், திவ்யாவுக்கு ஒன்றும் அமையவில்லை. முதல் நாள் ஆமை காட்டுகிறேன் என்று அழைத்துப் போனாள். மணலில் ஆமை ஏறி இறங்கிய தடம்தான் இருந்தது. மறுநாள் நீர்நாய். பாறைமேல் அது தின்றுபோட்ட மீன் முள் கிடந்தது. வந்தவர்கள் நல்லவர்கள், தடத்தையும் முள்ளையும்கூடச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்கள். பீட்டர் என்று ஒரு நெதர்லாந்துக் கிழவர், அந்த முள் எந்த மீனுடையது என்று என்னிடம் கொண்டுவந்தே கேட்டார். கெண்டையும் கெளுத்தியும் குழம்பில் பார்த்தால்தானே எனக்குத் தெரியும், இருந்தாலும் உற்றுப் பார்த்து ஒரு பெயரைச் சொல்லி அனுப்பினேன். மிஸ் சூ மட்டும் எதையும் பார்க்கவில்லை. திவ்யாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிச்சம் இருந்தது மின்மினி. தீவின் பின்பக்கம் ஒரு ஓடை, இரண்டு கரையிலும் சதுப்பு மரங்கள். பொழுது சாயும் நேரத்தில் சில மரங்களில் மின்மினிகள் ஆயிரக்கணக்கில் கூடி ஒன்றாக மின்னும் என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தார்கள். எந்த மரம் என்று பார்த்துச் சொல்லப் படகோட்டி காந்தன் துடுப்புப் படகில் முன்னால் போனார். காந்தன் ஜாசின் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பிறந்து, லோரி ஓட்டி, அப்புறம் கடலுக்கு வந்தவர். பத்து வார்த்தையில் சொல்லவேண்டியதை மூன்றில் சொல்லுவார்.

நான் பொரியலைக் கிளறிக்கொண்டிருந்தபோது திவ்யா ஓடிவந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"அக்கா, மின்மினி கெடச்சிருச்சுலா! காந்தன் அண்ணன் ரேடியோல சொல்லிட்டாரு. மரத்தச் சுத்திக்கிட்டிருக்காம், பெரிய பெரிய சைஸாம்."

பாதியில் ரேடியோ கரகரத்து நின்றுவிட்டதாம். அதனால் என்ன, சேதி வந்துவிட்டதே என்றாள். நான் மின்மினியை ஒன்றிரண்டாகத்தான் பார்த்திருக்கிறேன், மரம் நிறையப் பார்த்ததில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, தேநீர்க் கூஜாவை ஒரு சாக்காக எடுத்துக்கொண்டு நானும் படகில் ஏறினேன். எப்போதும் ஓரத்தில் உட்காரும் மிஸ் சூ அன்றைக்கு நட்டநடுவில் வந்து உட்கார்ந்து, சட்டையின் தொப்பியைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். குளிர்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மின்மினி பார்க்கப் போனால் விளக்கு கூடாது, பேச்சு கூடாது. திவ்யா மோட்டாரைக் குறைத்து, சத்தமில்லாமல் படகை ஓடைக்குள் கொண்டுபோனாள். மேற்கே கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. கிளைகள் தண்ணீர்மேல் தாழ்ந்து, எங்கள் தலைக்கு நேர்மேலே கூரை போட்டிருந்தன. பன்னிரண்டு பேரும் வாயைத் திறந்து மேலே பார்த்தபடி காத்திருந்தார்கள். ஒரு மினுக்கல்கூட இல்லை.

அப்போதுதான் மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து காந்தனின் சின்னப் படகு வந்தது. எங்களைப் பார்த்ததும் அவர் துடுப்பு அப்படியே நின்றுவிட்டது.

"தங்கச்சி, பூச்சி இருக்குன்னு சொன்னேன்ல?" என்றார், மூச்சுக் காற்றில்.

"ஆமாண்ணா. அதுக்குத்தானே எல்லாரையும் கூட்டிட்டு வந்தேன். எங்க?"

"தலைக்கு மேல."

அவள் மேலே பார்த்தாள். வெளிச்சத்தைத் தேடினாள். எனக்குப் புரிந்துவிட்டது.

திவ்யாவுக்குப் பள்ளி இறுதி எஸ்.பி.எம். பரீட்சையில் தமிழில் சிறப்புத் தேர்ச்சி. புத்தகத்தில் பூச்சி என்றால் ஆறு கால், இறக்கை. எங்கள் எஸ்டேட்டு வீடுகளில் அது வேறு. விளக்கு வைத்த பிறகு அந்தப் பெயரைச் சொன்னால் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும், வந்துவிடும் என்று பயம். நீளமாக, காலில்லாமல் ஊர்வதைப் பொழுது சாய்ந்தபிறகு பூச்சி என்றுதான் சொல்லுவோம். காந்தன் வேறெதையும் சொல்லவில்லை, சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். வராதீர்கள் என்றுதான் சொல்லவந்திருக்கிறார், ரேடியோ சதி செய்துவிட்டது.

நான் விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். அந்த வார்த்தை என் வாயிலும் வரவில்லை! இத்தனை வயதாகி, கையில் போனும் பையில் பேங்க் கார்டும் வைத்திருக்கிறவள், அந்த மரத்தடியில் அம்மாவின் பிள்ளையாகிவிட்டேன். கடைசியில் மலாயில் சொல்லித் தப்பித்தேன். மலாயில் சொன்னால் அதற்குப் புரியாது என்று ஒரு நம்பிக்கை.

"உலார், திவ்யா. அவரு சொன்னது உலாரு."

அவள் முகம் வெளுத்ததை அந்த மங்கலிலும் பார்த்தேன். ஓசைப்படாமல் படகைப் பின்னுக்கு எடுத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. மின்மினி இன்றைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவள் படகை நிறுத்தி, தணிந்த குரலில் ஆங்கிலத்தில் எல்லாரிடமும் சொன்னாள். தான் ஒரு தமிழ் வார்த்தையைத் தப்பாகப் புரிந்துகொண்டதாகவும், மேலே இருப்பது மின்மினி இல்லை, பாம்பு என்றும், யாரும் எழுந்திருக்க வேண்டாம், கையை உயர்த்த வேண்டாம், அவை தாமாக வந்து விழா என்றும் சொன்னாள். பிறகு சிவப்பு விளக்கைப் போட்டாள்.

கறுப்பு உடம்பில் மஞ்சள் பட்டை. என் மணிக்கட்டுத் தடிமனில் ஒன்று கிளையோடு கிளையாகச் சுற்றிக்கிடந்தது. அதற்கப்பால் இன்னொன்று. கண் பழகியபிறகு மூன்றாவது. முதலாவது மெல்லத் தலையைத் தூக்கி நாக்கை நீட்டி எங்களை முகர்ந்து பார்த்தது. யாரும் கத்தவில்லை. அவை எங்களைப் பார்த்தன, நாங்கள் அவற்றைப் பார்த்தோம். நான் பயந்தது உண்மை. கண்ணை எடுக்க முடியவில்லை என்பதும் உண்மை. அந்தக் கறுப்பில் அப்படி ஒரு மினுமினுப்பு இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

பீட்டர் மெதுவாக, இதை ஏன் பூச்சி என்கிறீர்கள் என்று கேட்டார். எஸ்டேட்டில் அப்படித்தான் சொல்லுவோம் என்று நான் சொன்னதைத் திவ்யா மொழிபெயர்த்தாள். யாருக்காவது போக வேண்டுமா என்றும் கேட்டாள். ஒரே ஒருவர் போகலாம் என்று தலையாட்டினார், என் கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்த அம்மாள். ஒருவர் போதும் என்று சொல்லிவிட்டு உடனே படகைத் திருப்பினாள். மற்றவர்கள் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்கள்.

சாப்பாட்டு வேளையில் மேல்தளத்தில் ஒரே பேச்சு. கீழே சமையலறையில் திவ்யா தட்டுகளை அடுக்குகிறேன் என்று தப்புத் தப்பாக அடுக்கிக்கொண்டிருந்தாள். போச்சுக்கா, பாம்புக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினவளை யார் வேலைக்கு வைப்பார்கள் என்றாள். நானும் பொய்யாகத் தேற்றவில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மிஸ் சூ உள்ளே வந்தார். நின்றபடியே ஆங்கிலத்தில் பேசினார். விருந்தினருக்கு மகிழ்ச்சி, இதைப்போல எந்தப் பயணத்திலும் பார்த்ததில்லை என்கிறார்கள். பாம்பு காட்டத்தான் போனோம் என்று கோலாலம்பூரில் சொல்லிவிடுகிறேன், வேலை உனக்குத்தான், வார்த்தைக் கதையெல்லாம் அங்கே எடுக்காதே என்றார். விளக்கு வைத்த பிறகு பாம்பைப் பூச்சி என்பார்கள் என்று விளக்கினால், ஆபீஸில் ஒருவருக்கும் புரியாது என்றும் சொன்னார்.

திவ்யா அழுதுவிடுவாள்போல் இருந்தாள். எனக்குக் காதில் ஏதோ உறுத்தியது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, தமிழிலேயே கேட்டேன்.

"மிஸ் சூ, எஸ்டேட்டுல சொல்லுவோம்னுதான் நான் சொன்னேன். வெளக்கு வச்சப்புறம்னு சொல்லலையே."

அவர் என்னைப் பார்த்தார். பேசியபோது தமிழ் வந்தது, எங்கள் ஊர்த் தமிழ், துருப்பிடிக்காமல்.

"என் பேரு சுசீலா. நியாலாஸ் பக்கம் எஸ்டேட்டு. அப்பா ரப்பர்ப் பால் மரம் வெட்டுனாரு."

திவ்யா தட்டோடு திரும்பினாள். "ரேடியோல அண்ணன் சொல்றப்ப நீங்க என் பக்கத்துலதானே நின்னீங்க?"

"நின்னேன்."

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது. சொல்ல வந்தேன்மா. ஆபீசுல இத்தன வருசத்துல ஒரு தமிழ் வார்த்த பேசுனதில்ல. ஒனக்கு எப்பிடித் தெரியும்னு கேட்டா என்ன சொல்றதுன்னு நெனச்சேன். நெனச்சுக்கிட்டிருக்கும்போதே படகு கெளம்பிருச்சு."

நடுவில் வந்து உட்கார்ந்து தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டது குளிருக்கு இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த எண்ணெய்ச் சட்டியையே தூக்கியிருப்பேன். ஆனால் என்னை முந்திக்கொண்டு திவ்யா பேசினாள். குரல் உயரவில்லை.

"தப்பாப் புரிஞ்சுக்கிட்டது நான். அதுக்கு என்னய அனுப்புங்க, போறேன். புரிஞ்சும் பேசாம வந்தது நீங்க. படகுல பன்னெண்டு பேரு மேடம். நீங்க பொய் சொல்லி வாங்கித் தர்ற வேல எனக்கு வேணாம்."

தொலைந்தது, திங்கட்கிழமை கவுண்டர்தான் என்று நினைத்தேன். சுசீலா திரும்பி நடந்தார். மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு தட்டோடு பின்னாலேயே போனோம். என்ன நடக்கும் என்று நான் பார்த்தே ஆகவேண்டும்.

மேல்தளத்தில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காந்தன் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தார். சுசீலா மேசையின் ஒரு முனையில் நின்று, தான் யார், எந்த எஸ்டேட்டில் பிறந்தவர், ரேடியோவில் என்ன கேட்டார், என்ன புரிந்தது, எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னார். அலங்காரம் ஒன்றும் இல்லை. சொல்லி முடித்ததும் பீட்டர் கரண்டியை வைத்துவிட்டு, அப்படியானால் நீங்கள் படகை நிறுத்தியிருக்கலாம் இல்லையா என்று கேட்டார். நிறுத்தியிருக்கலாம் என்றார் சுசீலா. என் கையை நசுக்கிய அம்மாள் தட்டைத் தள்ளிவைத்தார்.

அதைப் பார்த்துக்கொண்டே சுசீலா சொன்னார், திவ்யதர்ஷினி இன்றிலிருந்து எங்கள் நிரந்தர வழிகாட்டி, நடந்ததை நடந்தபடியே நான் ஆபீஸில் சொல்லுவேன் என்று. பிறகு அவளிடம் திரும்பினார். அத்தனை பேர் முன்னால் தமிழில் கேட்டார்.

"நாளைக்குக் காலையில மறுபடியும் நீர்நாய் தேடணும். நான் எங்க நிக்கட்டும்?"

திவ்யா யோசித்தாள். பழிவாங்கும் முகம் இல்லை அது, வேலை பார்க்கிற முகம்.

"காந்தன் அண்ணன்கூடச் சின்னப் படகுல மொதல்ல நீங்க போங்க மேடம். எதப் பாத்தாலும் நீங்கதான் ரேடியோல எங்களுக்குச் சொல்லணும். தமிழ்ல."

"ரேடியோலயா? எல்லாருக்கும் கேக்குமே. சரியா வருமான்னு தெரியலம்மா."

"இப்ப எதுல பேசிக்கிட்டிருக்கீங்க?" என்றாள் திவ்யா.