ஒன்பதாம் நாள் காய்ச்சல்

1

இந்தக் கதை என் இடது தோளில் பிறந்தது. ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளப் போன இடத்தில், தடுப்பூசி அறையின் சிஸ்டர், "எந்தக் கையால எழுதுவீங்க?" என்று கேட்டார். என் புகழ் இந்த அறை வரைக்கும் எட்டிவிட்டதே என்று பூரித்துப்போனேன். (எல்லோரிடமும் கேட்கிறாராம். வலிக்கப்போவது வேலை செய்யாத கையாக இருக்கட்டும் என்று.)

"சாயங்காலம் வலிக்கும். நாளன்னைக்கு சரியாயிடும்" என்றார். சொன்னபடி வலித்தது, சொன்னபடி போனது. மறுவாரம் போய், எப்போதுமே இப்படி முன்கூட்டியே சொல்லிவிடுவீர்களா என்று கேட்டேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "முன்னாடியெல்லாம் சொல்லல சார்."

2

தொடக்கம் ஒன்று: அன்று காலை வெயில் அந்த அறையின் பச்சைச் சுவரில்...

வேண்டாம். வெயில் இல்லாமலும் ஊசி போடலாம்.

தொடக்கம் இரண்டு: சிஸ்டர் பதினெட்டு வருஷமாக, பயந்த அம்மாக்களிடம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிவந்தார்: "ஒண்ணும் ஆகாது."

பக்கத்துத் தெருவில் துணி தைக்கும் பெண்ணிடமும், இரண்டு வருஷத்துக்கு முன் அதைத்தான் சொன்னார். அவள் மடியில் மூத்த மகள். போட்டது தட்டம்மை ஊசி. அன்று ஒன்றும் ஆகவில்லை. எட்டு நாளும் பிள்ளை குதியாட்டம் போட்டது. ஒன்பதாம் நாள் உடம்பு அனலாய்க் கொதித்து, முகமெல்லாம் சிவப்புப் புள்ளி. மூன்றே நாளில் எல்லாம் இறங்கிவிட்டது. தாயின் மனசில்தான் இறங்கவில்லை. இப்போது இளையவனுக்கு ஒரு வயது. பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே தட்டம்மை ஊசிக் கட்டம் காலி. அதே தெருக்கோடியில் இரண்டு குழந்தைகளுக்குத் தட்டம்மை கண்டிருக்கிறது.

[அடிக்குறிப்பு, இடம் போதாததால் நடுவில்: எனக்குப் போட்டது செத்த கிருமியின் துண்டு. உடம்பு அன்றைக்கே சண்டைக்குப் போகும். சீக்கிரம் மறந்தும் விடும். தட்டம்மை ஊசியில் இருப்பதோ உயிருள்ள கிருமி, பல்லைப் பிடுங்கி அனுப்பியது. அது உள்ளே மெல்லப் பெருக ஒரு வாரமாவது வேண்டும். அப்புறம்தான் காய்ச்சல். ஆனால் அந்தச் சண்டையை உடம்பு பல வருஷம் மறப்பதில்லை. கிருமியின் ஒரு துண்டை உடம்பே செய்துகொள்ளக் குறிப்பு மட்டும் எழுதிக் கொடுக்கும் புது ஊசிகளும், கொரோனா காலத்தில் வந்த சிலவற்றைப் போல, உண்டு. அவற்றில் பலரைப் படுக்கையில் தள்ளுவது இரண்டாம் ஊசிதான். படிக்கப் படிக்க, என் உடம்புக்கே ஒரு கும்பிடு போடத் தோன்றியது.]

3

சிஸ்டர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தையல் கடைக்குப் போனார். (தையல்காரியைச் சண்டைக்காரியாக எழுதிப் பார்த்தேன். எடுபடவில்லை. அவள் மிஷினிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லையாம்.)

"தட்டம்மை வரக்கூடாதுன்னு வந்தா தட்டம்மையையே போட்டு அனுப்பினீங்க. ஒண்ணும் ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்மா. தப்பு என்னோடது. காய்ச்சல் வரலாம்னு எனக்குத் தெரியும். நீ பயந்துடுவியேன்னு சொல்லல."

மிஷின் நின்றது.

"அப்ப சின்னவனுக்கு?"

"அவனுக்கும் வரலாம். வராமலும் போகலாம். வந்தா ரெண்டு மூணு நாள் இருக்கும். ஒன்பதாம் நாள் நானே போன் பண்றேன், பயமா இருந்தா வீட்டுக்கே வரேன். ஆனா நிஜமான தட்டம்மை அப்படி லேசுல விடாது, நெஞ்சுல பிடிச்சுக்கும்."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "புதன்கிழமைதானே குழந்தைங்களுக்கு ஊசி? எத்தனை மணி வரைக்கும் இருப்பீங்க?"

"அஞ்சு."

மிஷின் மறுபடி ஓடியது. வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

4

முடிவு அ: அவள் மூன்று மணிக்கே வருகிறாள். பையன் ஒரு பாட்டம் அழுதுவிட்டுச் சிரிக்கிறான். சிஸ்டரிடம் படித்துக் காட்டினேன். "நடக்காததை எழுதி என்னை சந்தோஷப்படுத்தாதீங்க சார்" என்றார்.

முடிவு ஆ: அவள் வரவில்லை. பையனுக்கு...

அடித்துவிட்டேன். பயமுறுத்திக் காரியம் சாதிப்பது அந்தப் பழைய பொய்க்குத் தங்கச்சி முறைதான்.

5

இன்று புதன். தடுப்பூசி அறை பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தட்டம்மை மருந்துக் குப்பியில் 'காலை 10' என்று சிஸ்டரின் கையெழுத்து. கலந்தபின் அதற்கு ஆறு மணி நேரம்தான் ஆயுசு. நாலு மணிக்குக் குப்பியை எடுத்துக் கழிவுப் பெட்டியில் போட்டார்.

"இனிமே அவங்க வந்தா?"

"புதுசு உடைப்பேன்."

"பத்துக் குழந்தைங்க மருந்தாச்சே! ஒருத்தனுக்காகவா?"

"பின்ன, வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பச் சொல்றீங்களா?"

எனக்கு ஒரு உபரி வார்த்தையை வெட்டவே கை வராது. இவர் பதினெட்டு வருஷம் வாயில் பழகிய ஆறுதலை வெட்டிவிட்டு, அதன் இடத்தில் ஒரு காய்ச்சலை வைத்திருக்கிறார். இந்த மனுஷியை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

மணி நாலு இருபது. படியில் செருப்புச் சத்தம். சிஸ்டர் எழுந்து கை கழுவுகிறார். வருவது யார் என்று நான் எட்டிப் பார்க்கப்போவதில்லை. கதவு உங்கள் பக்கம்தான் இருக்கிறது, நீங்களே திறங்கள். அவளாக இருந்தால் உட்காரச் சொல்லுங்கள். குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுங்கள்.

ஒண்ணும் ஆகாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.