புகையில் வைத்த பெட்டி

எனக்குப் பாட்டு ஞானம் கிடையாது. இதை நானே சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் சொன்னால் கோபம் வரும். ஈப்போவிலிருந்து ஆறு மைல் தள்ளியிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் சனிக்கிழமைதோறும் மாரியம்மன் கோயிலில் பஜனை நடக்கும். அதில் நான் மிருதங்கம். தாளம் தவறினால் தோல் நமத்துவிட்டது என்பேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். ஆர்மோனியம் உடையப்பன். அவனுக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, ஆனால் அவன் தொட்டால் அந்தப் பெட்டி பேசும்.

இரண்டு பேரும் ஒரே கப்பலில் வந்தவர்கள். கூலிகள் குடியிருக்கும் லயத்தில் அடுத்தடுத்த அறை. விடியுமுன் பெரட்டு வரிசையில் நின்று பேர் கொடுத்துவிட்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவோம். பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் மீதிப் பொழுதெல்லாம் வாத்தியங்களோடுதான். பேராக் மழைக்கு எந்த வாத்தியமும் தாங்காது. உடையப்பன் பெட்டிக்குள் கரித்துண்டுகளைத் துணியில் முடிந்து வைப்பான், ஈரத்தை இழுக்குமாம். கரப்பானுக்குக் கற்பூரம். உள்ளேயிருக்கும் பித்தளை நாக்குகளைக் கழற்றித் துடைத்து, சுருதி இறங்கியதைச் சவரக்கத்தியால் நுனியில் சுரண்டி ஏற்றுவான். ஒருமுறை சுரண்டிச் சுரண்டி ஒரு நாக்கை ஒடித்தே விட்டான். இரண்டு நாள் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. நான் சிரித்தேன்.

என் சோதனை வேறு மாதிரி. மிருதங்கத்தின் இடது பக்கத்தில் ரவையைப் பிசைந்து அப்பினால்தான் கனத்த நாதம் வரும். பஜனை முடிந்ததும் சுரண்டி எடுக்க வேண்டும். தின்கிற ரவையைத் தோலில் அப்புவானேன் என்று, உறைந்த ரப்பர் பாலை அப்பிப் பார்த்தேன். மூன்றாம் நாள் நாறியது, கையில் ஒட்டியது. பிறகுதான் உறைத்தது. பாலை ஷீட்டாக்கி நாம் என்ன செய்கிறோம்? புகைக்கொட்டகையில் தொங்கவிடுகிறோம். மிருதங்கத்தையும் ஒரு நாள் முழுக்க அங்கே தொங்கவிட்டேன். பால் இறுகிப் பழுப்பேறி, இரண்டு மாதம் அசையவில்லை. தோலும் முறுக்கேறிக் கணீரென்றது. தோட்டமே மெச்சியது, எனக்கும் தலை கொஞ்சம் கனத்துப்போனது.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறு. அந்த வருஷக் கடைசியில் உடையப்பனுக்கு இருமல் வந்தது, பிறகு இருமலோடு ரத்தம் வந்தது. ஒரு மாதம் பாயிலேயே கிடந்தான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் காசநோய் என்றார். வேலை செய்ய முடியாதவனைத் தோட்டத்தில் வைத்திருப்பதில்லை. அடுத்த திங்கட்கிழமை பினாங்குக்குக் கொண்டுபோய் நாகப்பட்டினம் கப்பலில் ஏற்றிவிடுவது என்று ஒரு திங்கட்கிழமை ஆபீசிலிருந்து வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். ஊரில் அவனுக்கு யாரும் இல்லை. அம்மாவும் போன ஐப்பசியில் போய்விட்டாள்.

"சனிக்கிழம ஒரு தடவ பெட்டி வாசிச்சிட்டுப் போயிடுறேன் மச்சான். அதுக்கப்புறம் அது உனக்கு," என்றான்.

பெட்டியை இறக்கிப் பார்த்தால் துருத்தியின் மடிப்பை எலி கடித்து வைத்திருந்தது. காற்று நிற்கவில்லை. ஈப்போவில் பழுது பார்ப்பவனிடம் போனால் பதினைந்து நாள் கேட்பான். உடையப்பன் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. நான் சரி செய்கிறேன், சனிக்கிழமை நீ வாசிப்பாய் என்று அடித்துச் சொன்னேன்.

என் வேட்டியைக் கிழித்து, ரப்பர் பாலில் முக்கி, ஓட்டையின் மேல் ஒட்டினேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் காற்று நின்றது. உடையப்பன் படுத்தபடியே ஒரு கட்டையை அழுத்தினான். நல்ல சத்தம் வந்தது. சிரித்தான். அத்தோடு நான் விட்டிருக்கலாம். பால் என்றால் புகை போடாமல் நிற்காது, மூன்றே நாளில் பிசுபிசுக்கும், சரியாகப் பஜனை நேரத்தில் மடிப்போடு மடிப்பு ஒட்டிக்கொள்ளும் என்று என் மூளை சொல்லியது. மிருதங்கத்துக்கு ஒரு நாள் என்றால் துருத்திக்கு மூன்று நாள் என்று கணக்குப் போட்டேன்.

புகைக்கொட்டகை ராமையாவின் பொறுப்பு. துரைக்குத் தெரிந்தால் அவர் வேலை போய்விடும். ஆகவே நீயே பக்கத்தில் இரு, துரை தலை தெரிந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடு என்று சொல்லித்தான் இடம் கொடுத்தார். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் பாலை நிறுத்துக் கொடுத்த கையோடு அங்கே போய் உட்கார்ந்துவிட்டேன். கண் எரிய எரிய விறகைத் தள்ளினேன். உடையப்பனுக்குக் கஞ்சி கொடுக்கும் பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள் இரண்டு தடவை வந்து, அவன் உன்னைக் கேட்கிறான் என்றாள். சனிக்கிழமை பெட்டியோடு வருகிறேன் என்று சொல் என அனுப்பிவிட்டேன். இருட்டியபிறகு லயத்துக்குத் திரும்பும்போது அவன் அறையில் விளக்கு இருக்காது. தூங்குகிறவனை எழுப்புவானேன் என்று நேரே போய்ப் படுத்துவிடுவேன்.

சனிக்கிழமை பெட்டியை இறக்கினேன். சூட்டில் பசை இளகிப் பலகைகள் வாய் பிளந்திருந்தன. நாக்குகள் முழுக்கக் கறுப்பாகப் புகைப்பிசின். ஒரு கட்டைகூடச் சத்தம் கொடுக்கவில்லை. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன், அவசரத்தில் இரண்டு நாக்குகள் ஒடிந்தன. என் ஒட்டு மட்டும் கல்லுப்போல நின்றது. மரமும் பசையும் சேர்ந்த பெட்டி ரப்பர் ஷீட் இல்லை என்பது பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ராமையா பார்க்கிறாரே என்றுகூட இல்லாமல் உட்கார்ந்து அழுதேன்.

பெட்டியைத் தூக்கிப் போய் அவன் பாய் ஓரத்தில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் பெட்டியைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தான்.

"பெட்டி போனாப் போவுது மச்சான். நீ மூணு நாளா வரலியே. நான் ஒத்தையில செவுத்தப் பாத்துக்கிட்டுக் கெடந்தேன். எனக்கு இங்க இருந்ததே ஆறு நாளு."

அன்று பஜனைக்கு நான் போகவில்லை. அந்தச் சனியும் ஞாயிறும் அவன் பாயை விட்டு நகரவில்லை. விசிறினேன், வெந்நீர் கொடுத்தேன், எதையெதையோ பேசினேன். அவன் பாதி நேரம் தூங்கினான். திங்கட்கிழமை ஈப்போ ஸ்டேஷன்வரை போக விட்டார்கள். ரயில் நகர்ந்தபோது அவனுக்கு இருமல் வந்துவிட்டது, என்னைப் பார்த்துக் கையைத் தூக்கக்கூட முடியவில்லை.

உடையப்பன் போன அதே கப்பலில் கல்யாணத்துக்காக ஊர் போயிருந்தவன் எங்கள் லயத்துப் பையன் பத்துமலை. நாலு மாதம் கழித்துப் பெண்டாட்டியோடு தோட்டத்துக்குத் திரும்பினான். கப்பல் கிளம்பிய நாலாம் நாள் உடையப்பன் போய்விட்டதாகவும், துணியில் சுற்றிக் கடலில் இறக்கியதாகவும் சொன்னான். அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று அது ஒன்றைத்தான் கேட்டேன்.

"யாரு இருந்தா? நாங்கல்லாம் வாந்தி எடுத்துக்கிட்டு மேல் தட்டுல கெடந்தோம் அண்ணே. எப்ப போனாருன்னே யாருக்கும் தெரியல."