வரப்பில் வைத்த கால்

மேட்டூரில் திறந்த நீர் கல்லணை கடந்து, ஒரத்தநாட்டின் கீழ்ப்புறத்து வாய்க்கால்களில் கிளைகிளையாய்ப் பிரிந்து, பரம்படித்த வயல்களிலெல்லாம் வானத்தை விரித்துக் கிடத்தியிருந்த ஆனித் திங்கள் முற்பகல் அது. கொக்குகள் வெண்பூச் சிதறினாற்போல் நிற்க, இருபது பெண்கள் வரிசையாய்க் குனிந்து, நாற்றுமுடி பிரித்து, நட்டபடியே பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தனர். என் செல்வங்களே, வரிசையின் தலைப்பில் நிற்கும் வேம்புவை நன்றாய்ப் பாருங்கள். அந்நடவுக் குழுவின் தலைவி அவள்; அவள் சொன்னால் பத்தொன்பது முதுகுகள் நிமிரும், குனியும். அவளுடைய இடமார்பின் ஓரத்தில் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி இரு திங்களாய் இருப்பதை அவர்களுள் ஒருத்தியும் அறியாள்.

சென்ற ஆண்டு இதே பருவத்தில், பெருநிறுவனம் ஒன்று தன் அறக்கொடையாக வெண்ணிற மருத்துவ ஊர்தியை அவ்வூருக்கு அனுப்பியது. மகளிர் மார்பை ஆய்ந்து, நோய் உண்டெனில் தாளில் எழுதித் தருவதே அக்கொடை. அதற்கப்பால் ஓரடியும் அது நடவாது. வேம்புவின் வரிசையில் நட்ட சாவித்திரியின் கைக்கு அத்தாள் வந்தது. பேருந்துக்கும் கூலியிழப்புக்கும் ஈடுகொடுக்க மாட்டாமல் அவள் மருத்துவத்தின் பாதி வழியிலேயே நின்றுபோய், தையறுப்புக்கு முன் சுடுகாடு சேர்ந்தாள். பதினாறாம் நாளில் வேம்பு தன் பெண்களிடம் கையடித்து உறுதி வாங்கினாள்: "நோய்க்குப் பேரு வச்சுட்டு அவங்க போயிடுறாங்க, சாகுறது நாம. இனி ஒருத்தியும் அந்த வண்டியில ஏறக் கூடாதுடி."

இன்று அவ்வூர்தி மீண்டும் வந்திருந்தது. சென்ற ஆண்டு அத்தாளை எழுதிய பக்கத்தூர்ச் செவிலி அருள்மேரி, செருப்பைக் கையிலேந்தி வரப்போடு நடந்து வந்தாள்.

"வேம்பக்கா, போன வருசம் மாதிரி இல்ல. சண்டை போட்டு வாங்கியிருக்கோம். ஆப்பரேசன், மருந்து, போக வர வண்டி, எல்லாம் அவங்க பொறுப்பு. ஏறி வாங்கக்கா."

"போன வருசம் சீட்டு குடுத்தீங்க. இந்த வருசம் பாடையும் சேத்தா?" என்றாள் மாலதி. வரிசை முழுதும் சிரித்தது.

"என்னைய வையி மாலதி, வேணாங்கல. வந்து பாத்துட்டு வையி."

வேம்பு சிரிக்கவில்லை. அருள்மேரியின் கலங்கிய கண்களில் பொய்யில்லை என்பதைக் கண்டாள். கண்டவள், சேறு சொட்டும் ஒரு காலைத் தூக்கி வரப்பின்மேல் வைத்தாள். பத்தொன்பது பேரின் கைகளும் நின்றன.

"என்னக்கா, நீயா?" என்றாள் மாலதி மெல்ல.

"வரப்பு ஒடைஞ்சிருக்கான்னு பாத்தேன்டி" என்று சொல்லி, வேம்பு அந்தக் காலை மீளவும் சேற்றில் இறக்கினாள்.

பொழுது சாயும்வரை காத்திருந்து ஊர்தி திரும்பியது. இவ்வூரார்க்கு விருப்பமில்லை என்று குறித்துக்கொண்டு, நிறுவனம் தன் கொடையை வேறு திசைக்கு அனுப்பிற்று. நட்ட பயிர் கதிர்முற்றிச் சாய்ந்த நாளில், கதிர்க்கட்டைத் தூக்க வேம்புவின் இடக்கை எழவில்லை; அப்போதுதான் மாலதி அறிந்தாள். அன்றே அருள்மேரியின் வீட்டுவாயிலில் போய் நின்று, "அந்த வண்டி இனி எப்பங்க வரும்?" என்று கேட்டாள்.

அடுத்த நடவில் வரிசையின் தலைப்பில் மாலதி நின்றாள். செல்வங்களே, பாதி வழியில் கைவிட்ட அறம் பின்னொரு நாள் முழுவழியும் வரத்தான் செய்கிறது. வந்து, தன்னை நம்புவார் ஒருவருமில்லாத வரப்பில், செருப்பைக் கையிலேந்தி நிற்கிறது.