தீடையில் கேட்ட குரல்

மேஜர் வெனிங்குக்குத் தமிழ் நன்றாகவே விளங்கும். பத்தொன்பது வயதில் மதராசிச் சிப்பாய்களுக்கு அதிகாரியாகப் போய், அவர்களிடம் பொறுக்கிக்கொண்ட தமிழ். அவர்களோடுதான் பர்மாப் போருக்கும் போனார். அங்கே ஓர் ஆற்றங்கரையில், பொழுது சாயும் வேளை, புதருக்குள்ளிருந்து தமிழில் ஒரு குரல் வந்தது.

"சுடாதீங்க, நம்ம ஆளுங்கதான்."

வெனிங் சூட்டை நிறுத்தச் சொன்னார். புதரைவிட்டு வெளியே வந்தவர்கள், அந்தச் சொற்களைக் கற்றுவைத்திருந்த ஜப்பானியர். கால்மணி நேரத்துக்குள் அவருடைய ஆட்களில் பதினொரு பேரை அவர்கள் துப்பாக்கிக் கத்தியால் குத்திச் சாய்த்துவிட்டார்கள். சுபேதாரின் சரிந்த குடலைத் தன் இரு கைகளாலும் உள்ளே அழுத்திப் பிடித்தபடி விடியும்வரை கிடந்தார் வெனிங். சுபேதார் பிழைக்கவில்லை. சூடு தொடங்கிய பின் எந்தக் குரலுக்கும் காது கொடுப்பதில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தார்.

அந்த முடிவு அவருக்கு ஒரு பதக்கமும் மேஜர் பதவியும் வாங்கிக் கொடுத்தது. இந்தியா சுதந்திரம் அடைந்ததும் அந்தப் படையில் அவருக்கு இடமில்லாமல் போயிற்று. சில மாதம் பாலஸ்தீனத்தில் இருந்தார். பிறகு, புதிதாகப் படை கட்டிக்கொண்டிருந்த இலங்கை அவரை ஒப்பந்தத்தில் எடுத்து, ஐம்பத்திமூன்றில் தலைமன்னாருக்கு அனுப்பியது. இந்தியக் கரையிலிருந்து ஆளும் சரக்கும் ஏற்றிக் களவாக வரும் தோணிகளை மறிப்பதுதான் வேலை.

கடலுக்குள் திட்டுத் திட்டாக எழும்பி நின்ற மணல் தீடைகளுக்கிடையே நீரோட்டம் எங்கே இழுக்கும், படகு எங்கே தரை தட்டும் என்பதெல்லாம் தெரிந்த, பக்கத்துப் பேசாலை ஊர்க்காரன் அம்புறோஸ், படையின் படகுக்குச் சுக்கான் பிடித்தான். மாசி மாதத்துக் காலையொன்றில், கடல் தட்டையாகக் கிடந்தபோது, இரண்டாம் தீடைக்குப் பின்னாலிருந்து ஒரு தோணி வெளிப்பட்டது. வெனிங் நிற்கச் சொல்லிக் கூவினார். அது பாயைத் திருப்பிக்கொண்டு ஓடப் பார்த்தது. தோணியின் முன்முனையில், அணியத்தில் நின்ற ஒருவன் நீளமாக எதையோ தூக்கினான்.

"சுடு," என்றார் வெனிங்.

இயந்திரத் துப்பாக்கி அதிர்ந்தது. தோணியின் பலகைகள் தெறித்தன.

"துரை, நிப்பாட்டச் சொல்லுங்கோ. அது சனம் ஏத்தின தோணி," என்றான் அம்புறோஸ்.

தோணியிலிருந்தும் ஒரு பெண் கத்தினாள். "சுடாதீங்க சாமி, பிள்ளைங்க இருக்கு."

வெனிங்குக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. ஆற்றங்கரைப் புதர்தான் கண்முன் நின்றது. நிறுத்தச் சொல்லவில்லை. சிப்பாய் அடுத்த ரவைக்கூட்டை மாட்டிச் சுட்டான். அம்புறோஸ் சுக்கானை ஒரேயடியாக வெட்டித் திருப்பினான். படகு சரிந்து, சிப்பாய் துப்பாக்கியோடு புரண்டான். அதோடுதான் சூடு நின்றது.

கிட்டப் போய்ப் பார்த்தார்கள். ஒன்பது பேர் செத்துக் கிடந்தார்கள். தோணியின் அடியில் தேங்கிய நீர் சிவந்திருந்தது. அணியத்தில் நின்றவன் தூக்கியது துடுப்பு. அவன் சிங்கராசா, அம்புறோஸின் தங்கை மாக்கிறட்டின் புருஷன். தொண்டை கிழிந்து கவிழ்ந்து கிடந்தான்.

அம்புறோஸ் அந்தத் துடுப்பை உருவி வெனிங்கை ஓங்கி அடித்தான். தடுத்த இடக்கை எலும்பு முறிந்தது. இரண்டாவது அடி காதைப் பிய்த்தது. சிப்பாய்கள் துப்பாக்கியை நீட்டினார்கள்.

"எவனும் சுடக்கூடாது," என்றார் வெனிங், காதிலிருந்து இரத்தம் வழிய.

மூன்றாவது அடியில் துடுப்பு உடைந்தது. அம்புறோஸ் உட்கார்ந்துவிட்டான்.

உயிரோடு எஞ்சியவர்கள் இரண்டு பிள்ளைகளும் தொடையில் குண்டு பாய்ந்த ஒரு பெண்ணும்தான். வெனிங் தன் இடுப்புவாரைக் கழற்றி, ஒரு முனையைப் பல்லில் கவ்விக்கொண்டு, அவள் தொடையை இறுக்கிக் கட்டினார். படகில் கூட வந்த லெப்டினன்ட் அருகே வந்து தாழ்ந்த குரலில் பேசினான். "தோணியை ஆழத்துக்கு இழுத்துப்போய்த் தாட்டுவிடலாம், சேர். இல்லாவிட்டால், ஆயுதம் இருந்ததென்று காட்ட, உள்ளே ஒரு துப்பாக்கியைப் போடலாம்."

"தோணியைக் கரைக்கு இழு," என்றார் வெனிங்.

மன்னாரில் மரண விசாரணை நடந்தது. அவர் எதையும் மறைக்கவில்லை. சுடச் சொன்னது நான், பெண் கத்தியது கேட்டது, விளங்கியது, நான் நிறுத்தவில்லை என்றார். கை எப்படி முறிந்தது என்று கேட்டபோது மட்டும், படகில் விழுந்தேன் என்று சொன்னார்.

வெளியே அம்புறோஸ் வழிமறித்தான்.

"என்ர பேரை ஏன் சொல்லேல்லை?"

"நீ அடிச்சது நியாயம்."

"அதை நீங்கள் சொல்ல வேண்டாம். விளங்கினதெண்டால் ஏன் நிப்பாட்டேல்லை?"

வெனிங் பர்மாவைப் பற்றிச் சொன்னார். அம்புறோஸ் முழுதும் கேட்டான்.

"ஆரோ உங்களை ஏமாத்தினதுக்கு என்ர தங்கச்சி தாலி அறுத்திருக்கிறாள்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஒரு மாதத்தில் ஒப்பந்தத்தை முறித்து அவரை ஊருக்கு அனுப்பினார்கள். இங்கிலாந்தில் ஒரு விதைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கென்யாவில் கலகத்தை அடக்க அனுபவமுள்ள அதிகாரிகள் தேவை என்று இரண்டு முறை கடிதம் வந்தது. இரண்டு முறையும், தன்னிடம் துப்பாக்கி பிடித்த ஆட்களை ஒப்படைக்க வேண்டாம் என்று எழுதித் திருப்பி அனுப்பினார்.